வற்றியது தண்ணீர் மட்டும்

கடலூர் முதுநகர்
8 ஏப்ரல் 2024

அனிதாவுக்கு அப்பா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருப்பதாக மாதாமாதம் ஒரே வரியை எழுதுகிறாய், அதனால் அதைக் கேட்கவில்லை. விஷயம் வேறு. உன் மீன்தொட்டி சாகப்போகிறது.

கலைமணி இருந்தவரைக்கும் எனக்கு அந்தத் தொட்டியைப் பற்றிக் கவலை இல்லை. எதிர்வீட்டுப் பெண், காலையில் வந்து எதையோ ஊற்றுவாள், எதையோ துடைப்பாள், போய்விடுவாள். போன மாதம் அவள் புருஷனுக்குத் திட்டக்குடிக்கு மாற்றல் வந்துவிட்டது. சாமான் ஏற்றிய வண்டியில் உட்கார்ந்துகொண்டே, "மாமா, தண்ணி வத்துச்சின்னா ஊத்திடுங்க, வேற ஒண்ணும் வேல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன தண்ணீர் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடல் மீனுக்கு என்ன தண்ணீர் ஊற்றுவது என்று முதுநகரில் ஒருவன் கேட்டால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

நான் குறை ஒன்றும் வைக்கவில்லை. துறைமுகத்தில் டீசல் மிதக்கிற தண்ணீரை மொண்டு வந்து ஊற்றவில்லை. மரிய ஜோசப் கடலுக்குப் போகும்போது கேனைக் கொடுத்துவிடுகிறேன். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மொண்டு வருகிறான். தொட்டிக்குக் கீழே இருக்கிற பெட்டியில் நீ ஒட்டிய சிவப்பு டேப் வரைக்கும் தினமும் நிரப்புகிறேன். இந்த வெயிலுக்கு மறுநாளே இரண்டு விரற்கடை இறங்கிவிடுகிறது.

ஆனாலும் பாறைமேல் காளான் மாதிரி விரிந்திருந்த பவளமெல்லாம் சுருங்கி, முடிச்சுப் போட்ட துணி மாதிரி கிடக்கிறது. பெரிய ஆரஞ்சு மீனும் சின்னதும் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. பெரியதுக்கு நான் டீச்சரம்மா என்று பேர் வைத்திருக்கிறேன், அது சின்னதை விரட்டுகிற விரட்டுக்கு. சின்னது பியூன். நேற்று டீச்சரம்மா பியூனை விரட்டவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

மே முப்பத்தோராம் தேதி உனக்கு முதல் வார்த்தைப்பாடு, கன்னியராக வாக்குக் கொடுக்கிற நாள். அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுப் பெண் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ பெட்டியோடு படி இறங்கியபோது நான் அறையை விட்டு வெளியே வராததற்கு என்ன காரணமோ, அந்தக் காரணம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இருப்பது ஒரே மகள். உன் அம்மா போன பிறகு இருப்பது நீ மட்டும்தான். வார்த்தைப்பாடு கொடுக்கும்வரை வாசல் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்று உங்கள் மடத்திலேயே சொல்வார்களாம். தொட்டியைச் சாக்காக வைத்தாவது ஒரு தடவை வந்து பார்.

இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் சிஸ்டர் பிரிசில்லாவுக்கு என் ஸ்தோத்திரம். உங்களுக்கு மகள் இருந்திருந்தால் தெரியும்.

அப்பா
ஜேக்கப்


நவகன்னியர் இல்லம், சிதம்பரம்
13 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பா,

முதலில் கடல் தண்ணீரை நிறுத்துங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் ஊற்றப்போகிறீர்கள் என்றால் கேனை அப்படியே கீழே வையுங்கள்.

தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு எங்கேயும் போவதில்லை, உள்ளேயே நிற்கிறது. நீங்கள் குறைந்த அளவுக்கு மறுபடியும் கடல் தண்ணீர் ஊற்றினால், இருந்த உப்போடு புது உப்பும் சேர்கிறது. நாளைக்கும் தண்ணீர் மட்டும் போகும், நாளைக்கும் உப்பு ஏறும். மீன் குழம்பு சுண்டிப்போனால் வெந்நீர் ஊற்றுவீர்களா, இல்லை மறுபடி உப்புக் கரைத்து ஊற்றுவீர்களா? தொட்டியைச் சுத்தம் செய்து தண்ணீரை வாளியில் எடுத்தால்தான் கடல் தண்ணீர் வேண்டும். தானாக வற்றினால் நல்ல தண்ணீர்தான்.

அதற்காகக் குழாயைத் திறந்துவிடாதீர்கள். போர் தண்ணீரும் ஆகாது, அதில் சுண்ணாம்பு அதிகம். கலைமணி அவர்கள் வீட்டு ஃபில்டரில் பிடித்துக்கொண்டு வருவாள். நீங்கள் பெட்ரோல் பங்க்கில் வெள்ளைக் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். காலையிலும் சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக, சிவப்பு டேப் வரைக்கும்.

அலமாரி மேல்தட்டில் டார்ச் லைட் மாதிரி கறுப்பாக ஒரு கருவி இருக்கிறது. அதன் கண்ணாடியில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். நீலமும் வெள்ளையும் சேர்கிற இடத்தில் உப்பு எவ்வளவு என்று எண் தெரியும். முப்பத்தைந்து இருக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று உடனே எழுதுங்கள்.

சிஸ்டர் பிரிசில்லா யாருடைய கடிதத்தையும் பிரிப்பதில்லை அப்பா. உங்கள் கடைசி வரியை நானே படித்துக் காட்டினேன். சிரித்தார். மாதம் ஒரு கடிதம் என்பதுதான் இங்கே ஒழுங்கு. உயிர் விஷயம் என்று கேட்டேன். தொட்டி சரியாகும்வரை எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டார் வந்து பார்க்கலாம் என்கிற ஞாயிறுகளில் எல்லோருடைய வீட்டிலிருந்தும் வருகிறார்கள். குமராட்சியிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா நடவு வயலிலிருந்து நேராக மினிபஸ் ஏறி வருவார், காலில் சேறு காய்ந்திருக்கும். நான் வராந்தாவில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன். எனக்குக் கோபமாக வரும். உங்களுக்கு ஒரு மணி நேர பஸ்.

வார்த்தைப்பாட்டன்று பெற்றவர்கள்தான் பிள்ளையைக் கைப்பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போய் விட வேண்டும். அம்மா இல்லை. நீங்களும் வராவிட்டால் நான் தனியாக நடப்பேன். நடக்க முடியாது என்று நினைக்காதீர்கள். ஆனால் நீங்கள் வர வேண்டும்.

அனிதா


கடலூர் முதுநகர்
18 ஏப்ரல் 2024

அனிதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கம். இரண்டு வருஷத்தில் உன்னிடமிருந்து நாலு பக்கம் வந்தது இதுதான் முதல் தடவை. நான் மூன்று முறை படித்தேன். ஆரோக்கியராஜ் மச்சான் வந்திருந்தான், அவனுக்கும் படித்துக் காட்டினேன். உன் மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, கொழம்பு சுண்டுன கதையெல்லாம் எழுதியிருக்குது பாரு, அப்படியே எங்க அக்கா பேசுறாப்புலயே இருக்குது" என்றான். பிறகு குழம்பு இருக்கிறதா என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

நீ சொன்ன வெள்ளைக் கேன் வாங்கி வந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கருவியையும் கண்டுபிடித்தேன். எண் முப்பத்தொன்பது. தொட்டிக் கண்ணாடி விளிம்பு முழுக்க உப்பு வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறது. காளானில் ஒன்று கரைந்து கூழாகிவிட்டது. எடுத்துப் போட்டேன். மற்றவை சுருங்கியபடிதான் கிடக்கின்றன. டீச்சரம்மா சாப்பிடவில்லை.

வெயிலைப் பற்றி என்னவென்று சொல்ல. கத்திரிக்கு முன்னாலேயே இப்படி. தகரக் கூரைக்குக் கீழே என் பட்டறையில் ஸ்பானரைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்கிறது. இஞ்சினைப் பிரிக்க உட்கார்ந்தால் நெற்றி வியர்வை அதற்குள்ளேயே சொட்டுகிறது.

பீடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது பற்றி எழுதியிருக்கிறாய். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இருபத்தாறு வருஷம் உப்பிட்டவன் நான். என் கையாலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்கிறாய். கல்யாணம் செய்து கொடுத்தாலும் இதுதானே என்று மச்சான் கேட்டான். இல்லை. கல்யாணம் செய்து கொடுத்தால் தீபாவளியோ கிறிஸ்துமஸோ சண்டை போட்டுக்கொண்டாவது வீட்டுக்கு வருவாய்.

வேறு என்ன செய்யட்டும் என்று விவரமாக எழுது. தொட்டி பற்றி.

அப்பா


நவகன்னியர் இல்லம், சிதம்பரம்
22 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பா,

முப்பத்தொன்பது அதிகம்தான், ஆனால் காப்பாற்றிவிடலாம். ஒரே நாளில் இறக்கக் கூடாது. இத்தனை நாள் உப்பில் இருந்ததைத் திடீரென்று நல்ல தண்ணீரில் தள்ளினால் அதுவே கொன்றுவிடும். ஒரு சொம்பு தொட்டித் தண்ணீரை எடுங்கள், ஒரு சொம்பு வெள்ளைக் கேன் தண்ணீரைப் பெட்டியில் மெதுவாக விடுங்கள். தினமும் அவ்வளவுதான். எண் நாளுக்குக் கொஞ்சமாக இறங்கும். டேபிள் ஃபேனைத் தொட்டியின் மேல்பக்கம் திருப்பி வையுங்கள், சூடு குறையும். ஆனால் ஃபேன் வைத்தால் இன்னும் வேகமாக வற்றும். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் டேப்பைப் பாருங்கள்.

கருவியைத் துடைத்துவிட்டுத்தான் பார்த்தீர்களா? முந்தின நாள் சொட்டு காய்ந்திருந்தால் எண் தப்பாகக் காட்டும். பம்ப் சத்தம் போடுகிறதா? கீழ்ப்பெட்டியில் நுரை நிற்கிறதா?

டீச்சரம்மா என்று பேர் வைத்தது நன்றாக இருக்கிறது. நான் பேர் வைக்கவில்லை. அவை இரண்டும் சென்னைக் கடையில் ஒரே பையில் வந்தவை. அம்மா இறந்த வருஷம் அது. வீட்டில் நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தொட்டியில் எதாவது ஒன்று அசைந்துகொண்டே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். ஒருநாள் நீங்களாகவே, "அந்தச் சின்னது இன்னிக்கி சரியா துன்னல பாப்பா" என்றீர்கள். அம்மாவை அடக்கம் செய்த பிறகு நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கண்ணை மூடினால் ஜெபம் வரவில்லை. தொட்டிதான் வருகிறது. சிஸ்டரிடம் சொன்னேன். "அப்படின்னா அதையே ஜெபமா வெச்சிக்கம்மா" என்றார். அது ஆறுதலா அதட்டலா என்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணை எழுதுங்கள். தினமும் பார்த்து, நாலு நாளுக்கு ஒரு தடவையாவது எழுதுங்கள்.

அனிதா


கடலூர் முதுநகர்
28 ஏப்ரல் 2024

அனிதா,

டீச்சரம்மா இன்று காலை செத்துப்போனது. அடியில் மணலில் சாய்ந்து கிடந்தது. பியூன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், போகவில்லை.

எண் நாற்பத்து மூன்று. கருவியைத் துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன். பம்ப் நன்றாக ஓடுகிறது. காளானில் இன்னும் இரண்டு கரைந்தன.

கடிதத்தில் வைத்தியம் பார்க்க முடியாது பாப்பா. நீ எழுதி அது வருவதற்குள் ஒன்று சாகிறது. இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. நீ வா. ஒரு நாளாவது வா. மிச்சமிருப்பதையாவது காப்பாற்று.

அப்பா


நவகன்னியர் இல்லம், சிதம்பரம்
4 மே 2024

அப்பா,

நேற்று நான் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். ஏறி, இறங்கிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் முழுக்கப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் சிஸ்டரிடம் மூன்று நாள் வீட்டுக்குப் போய்வர அனுமதி கேட்டேன். உடனே கொடுத்தார். அவருக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். பையில் இரண்டு சுடிதாரும் எடுத்து வைத்தேன். இங்கே வந்தபோது கொண்டுவந்தவை. மூன்று நாளுக்கு அவை தேவையில்லை. திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியாமல்தான் பையைக் கட்டினேன். டீச்சரம்மா செத்தது, நாற்பத்து மூன்று, கை ஓடவில்லை என்று நீங்கள் எழுதியது எல்லாம் சேர்ந்து, நான் இங்கே உட்கார்ந்து யாருக்காக ஜெபம் செய்கிறேன், அங்கே அப்பா தனியாகச் செத்துப்போகிற மீனை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றிவிட்டது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மினிபஸ் கிளம்ப மாட்டேன் என்று நின்றது. டிரைவர் பேட்டரி மூடியைத் திருகி எடுத்துவிட்டு வெள்ளைக் கேனிலிருந்து ஊற்றினார். டிஸ்டில்டு வாட்டர். ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக, கோடு வரைக்கும்.

எனக்கு ஆரோக்கியராஜ் மாமா ஞாபகம் வந்தது. மரிய ஜோசப் அண்ணன் படகில் பேட்டரி தண்ணீர் குறைந்திருக்கிறது என்று மாமா ஆசிட் வாங்கி ஊற்றினாரே, அன்றைக்கு நீங்கள் போட்ட சத்தம் கோயில் தெரு வரைக்கும் கேட்டது. "வத்துனது தண்ணிடா! ஆசிட் எங்கயும் போவல, உள்ளயேதான் கெடக்குது! தண்ணிய ஊத்தாம ஆசிட்ட ஊத்துறியே, வெந்து போயிடும்டா எல்லாம்!" ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மாமாவை வைத்து அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

முப்பது வருஷமாக பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் நீங்கள். நான் குழம்புக் கதை எழுதினேன். எழுதவே வேண்டியதில்லை. என் முதல் கடிதத்தில் இரண்டாவது பத்தியைப் படித்தவுடனே உங்களுக்குப் புரிந்திருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் உப்பு ஏறவே ஏறாது அப்பா. எந்தக் கணக்கிலும் ஏறாது. முப்பத்தொன்பது நாற்பத்து மூன்று ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தை பஸ்ஸிலேயே எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கேன் வாங்கி வைத்திருக்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஊற்றினேன் என்று எங்கேயும் எழுதவில்லை. உங்களுக்குப் பொய் எழுத வராது.

நான் எழுந்துவிட்டேன். கண்டக்டர், "சிஸ்டர், எங்க எறங்குறீங்க, வண்டி எடுத்தாச்சி" என்றார். பஸ் நகர நகர இறங்கினேன். மடத்துக்கு நடந்தே வந்தேன்.

தெரிந்தே கொன்றீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

அனிதா


கடலூர் முதுநகர்
9 மே 2024

அனிதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கிழித்துப் போட்டிருப்பேன். பெற்ற அப்பனைப் பார்த்துக் கொன்றாயா என்று கேட்கிறாள், மடத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று ஒரு பதில் எழுதினேன். அதில் உன்னை நிறையத் திட்டியிருந்தேன். பட்டறைக்கு எடுத்துப்போய் அடுப்பில் போட்டுவிட்டேன். இது இரண்டாவது.

ஆமாம். தெரிந்துதான்.

முதலில் தெரியாது. அது சத்தியம். பங்குனி முழுக்கக் கடல் தண்ணீர் ஊற்றியது முட்டாள்தனத்தால். கடல் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கடல் சாமான் என்றால் கடல் தண்ணீர்தான், அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. உன் கடிதம் வந்தவுடனே புரிந்துவிட்டது. குழம்பு வரைக்கும் போகவில்லை, "உப்பு உள்ளேயே நிற்கிறது" என்கிற வரியிலேயே, அட, இது பேட்டரி இல்லையா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே பங்க்குக்குப் போய் வெள்ளைக் கேன் வாங்கினேன்.

வாங்கி வந்து தொட்டி முன்னால் நின்றேன். ஒரு பக்கம் வெள்ளைக் கேன், ஒரு பக்கம் மரிய ஜோசப் கேன். அப்போதுதான் உன் கடிதத்தின் இன்னொரு வரி ஞாபகம் வந்தது. தொட்டி சரியாகும்வரை எத்தனை கடிதம் வேண்டுமானாலும் எழுதலாம் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் தொட்டி சரியானால்?

நீ மாதாமாதம் எழுதினதெல்லாம் மேஜை டிராயரில் இருக்கிறது. நான் நலம், உங்களுக்காக ஜெபிக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தபால்காரன் எழுதினாலும் அதைத்தான் எழுதுவான். தொட்டி கெட்டதும் நாலு பக்கம் வந்தது. குழம்பு வந்தது, கோபம் வந்தது, அம்மா வந்தாள். நான் பேசாமல் இருந்த காலத்தில் முதலில் பேசிய வார்த்தை என்ன என்று நீ ஞாபகம் வைத்திருக்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது. மீன் சாகக்கிடந்தால் உனக்கு எழுத வருகிறது. நான் நன்றாக இருந்தால் வருவதில்லை.

கை தவறி ஊற்றினேன் என்று சொல்ல மாட்டேன். தினமும் நான்தான் அந்தக் கேனை எடுத்தேன். கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தால் போதும், நீ வருவாய் என்று நினைத்தேன். மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஒரு நாள்தானே என்று ஊற்றுவேன். பிறகு மறுநாளும் ஊற்றுவேன். டீச்சரம்மாவைக் கையில் எடுத்தபோது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா. அன்றைக்கு நான் பட்டறையைத் திறக்கவில்லை. உன் அம்மா போன அன்று அழாதவன், ஒரு விரல் நீள மீனுக்கு உட்கார்ந்து அழுதேன்.

நீ பையில் சுடிதார் வைத்ததைப் படித்தேன். அதை ஏன் எழுதினாய்? கையில் வந்த மீனை நானே தண்ணீரில் விட்டேன் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றுதானே எழுதினாய். தெரிந்துகொண்டேன். தண்டனை என்றால் இதற்கு மேல் ஒன்று இல்லை.

டீச்சரம்மா போன அன்றோடு கடல் தண்ணீரை நிறுத்திவிட்டேன். சொம்புக் கணக்கில் மாற்றுகிறேன். நாற்பது வந்திருக்கிறது.

இனி நீ எழுத வேண்டாம் என்று நினைத்தால் அதையாவது எழுது.

ஜேக்கப்


நவகன்னியர் இல்லம், சிதம்பரம்
15 மே 2024

அப்பா,

மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும். இரண்டு வருஷமாக இங்கே படிப்பது அதைத்தான். நாலு தடவை எழுதிப் பார்த்தேன், பேனா அந்த வார்த்தைக்கு வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். வராமலே போகாது என்று மட்டும் சொல்ல முடியும்.

டீச்சரம்மாவுக்காகக் கோபம் இருக்கிறது. அதைவிட, நான் பஸ்ஸை விட்டு இறங்கினபோது எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. அதற்காக உங்கள் மேல் இன்னும் கோபம். நீங்கள் செய்தது தப்பாக இல்லாமல் இருந்திருந்தால் நான் வந்திருப்பேன். வந்து, நாலு மாதம் கழித்து, வந்ததற்காக உங்களை வெறுத்திருப்பேன். அந்தப் பஸ்ஸில் இருந்தது ஜேக்கப் மகளுடைய பயம்தான், விருப்பம் இல்லை. நடந்து வரும்போது அது தெரிந்தது. சிஸ்டரிடம் சுடிதாரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று உண்மை. அந்த ஒரு பக்கக் கடிதங்கள் யாருக்கும் எழுதப்பட்டவை இல்லை. நீங்கள் அறையை விட்டு வெளியே வராததற்கு நான் கொடுத்த பதில் அவை. நான் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். நீங்கள் கடல் தண்ணீர் ஊற்றினீர்கள், நான் அந்தக் கடிதங்களை ஊற்றினேன். உங்களைவிட அதிக நாள் ஊற்றினேன்.

மாதம் ஒரு கடிதம்தான் இனி. அது ஒழுங்கு, மாற்ற மாட்டேன். பக்கங்களுக்கு ஒழுங்கு எதுவும் இல்லை.

நாற்பதிலிருந்து அவசரப்பட்டு இறக்காதீர்கள். முப்பத்தைந்து வந்ததும் எடுப்பதை நிறுத்திவிட்டு வற்றுவதை மட்டும் நிரப்புங்கள். கரையாமல் மிஞ்சியவை வெளிச்சம் குறைவாக இருந்தால் சீக்கிரம் விரியும், ஒரு விளக்கை அணைத்துவிடுங்கள். பியூனுக்கு இப்போதைக்கு ஜோடி வாங்காதீர்கள்.

முப்பத்தோராம் தேதி காலை பத்து மணிக்குப் பூசை. கேட்ட கேள்வியையே கேட்கிறேன். வருவீர்களா? வர முடியாது என்றால் இந்தத் தடவை அறைக்குள் இருந்துகொள்ளாதீர்கள். எழுதி அனுப்புங்கள்.

அனிதா


கடலூர் முதுநகர்
24 மே 2024

பாப்பா,

முப்பத்தாறு. இன்னும் ஒன்று இருக்கிறது, நான் அவசரப்படவில்லை. காளானில் மூன்று பாதி விரிந்திருக்கிறது. பியூன் நேற்றிலிருந்து சாப்பிடுகிறான். டீச்சரம்மா இருந்த மூலைக்குப் போய் நின்றுகொண்டு அதிகாரம் பண்ணுகிறான், விரட்டத்தான் ஆள் இல்லை.

பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். மன்னிப்பு வராதவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கும் உன்னை விட்டுவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆளுக்கு ஒன்று வராமல் இருக்கிறது, சரியாகப் போயிற்று.

ஆரோக்கியராஜ் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். தொட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நான் பேட்டரிய ஒரு தடவதான் வேக வெச்சேன் மாமா" என்றான். இனி கிறிஸ்துமஸுக்கு அவன் சிரிப்பான், நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முப்பத்தோராம் தேதி அவனும் வருகிறான். வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறான். எனக்கும் சேர்த்து.

ஆமாம், வருகிறேன். முதல் பஸ்ஸுக்கே வருகிறேன்.

சந்தோஷமாக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் முடிவு சரி என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை, நாளைக்கும் தோன்றாது. ஆனால் நீ தனியாக நடந்து போவதை இந்த ஊர் உட்கார்ந்து பார்க்க நான் விட மாட்டேன். உன் அம்மா இருந்திருந்தால் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பாள்.

மச்சான் போன வருஷம் அவன் சகலை மகளுக்கு இதே சடங்கைப் பார்த்தவன். பீடத்துக்கு முன்னால் போனதும் சாமியார் ஒரு கேள்வி கேட்பாராம், பிறகு கையை விட்டுவிட்டு நான் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார வேண்டுமாம். நடப்பேன். கேள்விக்குப் பதில் சொல்வேன். கையையும் விடுவேன். கேட்டவுடனே விடுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. சாமியார் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும், அவருக்கென்ன அவசரம்.

அப்பா